தண்ணி தெளிஞ்சா போதுமா? மீனைச் சோதி, ஏரிக்கரையில எழுதி வை!



ஏனாத்தூர் பக்கம் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏரிக்கரைக்குப் போய்ப் பாருங்கள். வலை கரை ஏறும் முன்னாடியே பையோடு ஆள் நிற்கும். தறியை விட்டு எழுந்து வந்த நெசவாளி நிற்பார். சித்தாள் வேலைக்குப் போகும் அக்கா நிற்பார். ஒரகடத்தில் நைட் ஷிப்ட் முடித்து வந்த தம்பி நிற்பான். வஞ்சிரம் விற்கிற விலைக்குக் கிட்டவே போக முடியாத வீட்டுக்கு ஏரி மீன்தான் வாரம் ஒருநாள் விருந்து. கட்லா, ரோகு, ஜிலேபி கெண்டை, கெளுத்தி. கொடுத்து வைத்திருந்தால் ஒரு விரால்.

அந்த மீனுக்குள்ள என்ன இருக்குன்னு யாரு பார்த்தா?

மீன் பாசி குத்தகைக்கு ஏலம் விட்டாங்களே, அவங்க பார்த்தாங்களா? குத்தகைப் பணத்தை ரசீது போட்டு வாங்குனாங்களே, அந்த ரசீதுல ஒரு வரி இருக்கா? எந்த ஏரிக்கரைப் பலகையிலாவது "இந்த ஏரி மீனில் பூச்சிக்கொல்லி எச்சம் இவ்வளவு" என்று நீங்கள் படித்ததுண்டா?

மீன் சாப்பிடாதீங்கன்னு பயமுறுத்த இந்தப் பதிவு இல்லை. பார்த்துச் சொல்ல வேண்டியவங்களைக் கேள்வி கேட்கத்தான் இந்தப் பதிவு.

நிறம் இருந்தால் போராடுகிறோம். நிறம் இல்லாவிட்டால்?

காஞ்சியில் தண்ணீர் கெட்டது என்றால் முதலில் சாயத்தண்ணீர்தான் பேச்சுக்கு வரும். வேகவதி, மஞ்சள் நீர் கால்வாய், நத்தப்பேட்டை ஏரி என்று வரிசையாகச் சொல்வோம். நியாயமான கோபம். நிறம் மாறினால் கண்ணுக்குத் தெரியும், போட்டோ எடுக்கலாம், கலெக்டர் ஆபீஸில் மனு கொடுக்கலாம்.

ஆனால் பூச்சிக்கொல்லிக்கு நிறம் தெரியாது. மீனைக் கழுவினாலும் போகாது. ஏன் போகாது? டி.டி.டி., பி.எச்.சி., எண்டோசல்பான் மாதிரியான குளோரின் வகை மருந்துகள் தண்ணீரில் கரைய விரும்பாதவை. கொழுப்பில் கரைபவை. அதனால் ஏரித் தண்ணீரில் நிற்காமல் அடி வண்டலில் போய்ப் படியும். வண்டலைக் கிளறும் புழுவின் உடம்புக்குப் போகும். புழுவைத் தின்னும் கெளுத்திக்குப் போகும். சின்ன மீனைத் தின்னும் விராலுக்குப் போகும். ஒவ்வொரு படியிலும் அளவு ஏறும். கடைசிப் படியில் சோற்றுத் தட்டோடு உட்கார்ந்திருப்பது நீயும் நானும்தான்.

கதை இல்லை. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் கிளியர் லேக் என்று ஓர் ஏரி. கொசு மாதிரி ஒரு சின்னப் பூச்சித் தொல்லைக்காக 1949, 1954, 1957 ஆகிய ஆண்டுகளில் டி.டி.டி.யின் பங்காளியான டி.டி.டி-யை ஒத்த ஒரு மருந்தை ஏரியிலேயே ஊற்றினார்கள். அளவு என்ன தெரியுமா? அதிகபட்சமே 5 கோடி பங்கு தண்ணீருக்கு 1 பங்கு. ஒன்றுமே இல்லாத மாதிரிதான் இருக்கும். ஆனால் அந்த ஏரியில் மீன் தின்று வாழ்ந்த முக்குளிப்பான் பறவைகள் செத்து விழுந்தன. அவற்றின் கொழுப்பைச் சோதித்தபோது பத்து லட்சத்தில் 1,600 பங்கு இருந்தது. தண்ணீரில் இருந்ததைவிட எண்பதாயிரம் மடங்கு! ரேச்சல் கார்சன் 1962ல் எழுதிய 'மௌன வசந்தம்' நூல் இந்த ஏரியைத்தான் உலகத்துக்குக் காட்டியது.

பாடம் இதுதான்: தண்ணியைப் பார்த்தா ஒண்ணும் தெரியாது. மீனைப் பார்த்தாத்தான் தெரியும்.

நம்ம வயலுக்கு வந்தது என்ன?

செங்கல்பட்டு ஜில்லா என்றாலே ஏரி ஜில்லா. இன்றைய காஞ்சிபுரம் மாவட்டத்தில் மட்டும் நீர்வளத்துறை கையில் 381 ஏரிகள். தாமல், தென்னேரி, உத்திரமேரூர் என்று கடல் மாதிரி விரியும் ஏரிகளும் உண்டு. சம்பா, நவரை, சொர்ணவாரி என்று பருவம் பருவமாக நெல் விளைந்த மண். மேல் ஏரியின் வடிகால்தான் கீழ் ஏரியின் வரத்து. அப்படிக் கோத்த சங்கிலி. தண்ணீரைச் சொட்டு வீணாக்காமல் கடத்த நம் முன்னோர் போட்ட அதே சங்கிலிதான் வயலில் அடித்த மருந்தையும் கடத்துகிறது.

இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

எண்ட்ரின்: 1990ல் தடை.
ஆல்ட்ரின்: 1996ல் தடை.
பி.எச்.சி. தூள்: 1997 ஏப்ரலில் தடை.
எண்டோசல்பான்: 2011 மே 13, உச்ச நீதிமன்றம் தடை.
லிண்டேன்: 2013ல் பயன்பாட்டுக்குத் தடை.
டி.டி.டி.: விவசாயத்தில் 1989ல் தடை. பொது சுகாதாரப் பயன்பாட்டுக்கு மட்டும் விதிவிலக்கு தந்தார்கள்.

தடை வந்த நாள் வரைக்கும் இதெல்லாம் வயலுக்கு வந்துக்கிட்டுத்தான் இருந்துச்சு. விவசாயி கேட்டா வந்தது? பசுமைப் புரட்சி என்று சொல்லி விதையோடும் உரத்தோடும் சேர்த்து, "இதை அடிச்சாத்தான் விளையும்" என்று சொல்லிக் கொடுத்தது அரசாங்கம். விஷத்துக்கு 'மருந்து' என்று பெயர் வைத்ததும் அந்தக் காலம்தான். இன்னைக்கும் நாம "மருந்து அடிக்கிறோம்"னுதான் சொல்றோம்.

தமிழ்நாட்டில் யாருமே ஆராயவில்லையா? ஆராய்ந்தார்கள். 1980களின் பிற்பகுதியில் பரங்கிப்பேட்டையில் உள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையத்தாரும் ஜப்பானின் எஹிமே பல்கலைக்கழகத்தாரும் சேர்ந்து, வெள்ளாற்றுப் பகுதியில் நெல்வயலுக்குப் போட்ட பி.எச்.சி. எங்கே போகிறது என்று பின்தொடர்ந்தார்கள். நெல் நடும் மழைக்காலத்தில் காற்றிலும் நீரிலும் அளவு ஏறியது. போட்டதில் மிகப் பெரும்பகுதி நம்ம ஊர் வெயிலில் ஆவியாகிக் காற்றோடு கிளம்பிவிட்டது. அதாவது, நீ அடிக்காத வயலிலும், நீ பார்க்காத ஏரியிலும் அது போய் இறங்கும். இந்தக் கணக்கைத் தெரிந்துகொள்ள ஜப்பான்காரர் பரங்கிப்பேட்டைக்கு வந்தார். நம்ம துறைக்காரங்க பக்கத்து ஏரிக்கு வர மாட்டாங்களா?

"தண்ணீர் தரமாக உள்ளது" என்று ஒரு ரிப்போர்ட்

கேள்வி கேட்டால் ஒரு காகிதத்தை நீட்டுவார்கள். அதில் 'தண்ணீர் மீன் வளர்ப்புக்கு உகந்தது' என்று இருக்கும். அந்த வரிக்குப் பின்னால் என்ன அளவுகோல் தெரியுமா?

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நீர்நிலைகளை ஐந்து வகையாகப் பிரித்திருக்கிறது. மீன் வளத்துக்கும் வன உயிர்களுக்கும் உரியது 'டி' வகை. அதற்குப் பார்ப்பது மூன்றே மூன்று:

ஒன்று, கார அமிலத் தன்மை 6.5 முதல் 8.5 வரை.
இரண்டு, கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 4 மில்லிகிராமோ அதற்கு மேலோ.
மூன்று, அம்மோனியா லிட்டருக்கு 1.2 மில்லிகிராமுக்குள்.

அவ்வளவுதான். பூச்சிக்கொல்லி என்ற சொல்லே அந்த அளவுகோலில் கிடையாது. மீன் உசுரோட நீந்துமான்னு பார்க்குற சோதனை இது. அந்த மீனைத் தின்கிறவன் கதி என்னன்னு பார்க்குற சோதனை இல்லை.

குடிநீருக்கு இந்தியத் தர நிர்ணயத்தில் 18 பூச்சிக்கொல்லிகளுக்கு வரம்பு எழுதியிருக்கிறார்கள். டி.டி.டி.க்கு லிட்டருக்கு 1 மைக்ரோகிராம். காகிதத்திலாவது இருக்கிறது, சந்தோஷம். ஆனால் ஏற்கனவே சொன்ன மாதிரி இந்த விஷம் தண்ணீரில் நிற்பதில்லை. தண்ணீரில் வரம்புக்குள் இருக்கும்போதே வண்டலிலும் மீன் கொழுப்பிலும் சேர்ந்துகொண்டே போகலாம். ஆக, அந்தக் காகிதம் பொய் சொல்லவில்லை. கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லாமல் தப்பித்துக்கொள்கிறது.

இன்னொன்று. ஏரியில் வண்டல் எடுத்து வயலுக்குப் போட்டுக்கொள்ள விவசாயிக்கு இலவச அனுமதி தருகிறார்கள். நல்ல திட்டம். வண்டல்தான் நம்ம மண்ணுக்கு ஆதி உரம். ஆனா அந்த வண்டல்ல ஐம்பது வருஷத்து மருந்து என்ன மிச்சம் இருக்குன்னு ஒரு பிடி அள்ளிப் பார்த்தீங்களா? டி.டி.டி. மண்ணில் பாதியாகக் குறையவே 2 முதல் 15 வருஷம் ஆகலாம்.

யாருக்குச் சோதனை, யாருக்கு இல்லை?

ஐரோப்பாவுக்குக் கப்பல் ஏறும் இறாலுக்கும் மீனுக்கும் சோதனை உண்டு. கடல் பொருள் ஏற்றுமதி வளர்ச்சி ஆணையம் இதற்கென்றே 'தேசிய எச்சக் கட்டுப்பாட்டுத் திட்டம்' நடத்துகிறது. மாதிரி எடுத்து, மருந்து எச்சம், உலோகம், பூச்சிக்கொல்லி எல்லாம் பார்க்கிறார்கள். பார்க்காவிட்டால் அங்கே துறைமுகத்திலேயே திருப்பி அனுப்பிவிடுவான்.

2003 ஆகஸ்டில் டெல்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் குளிர்பானங்களில் லிண்டேன், டி.டி.டி., மாலத்தியான், குளோர்பைரிபாஸ் இருப்பதாக அறிவித்தது. நாடே அதிர்ந்தது. நாடாளுமன்றக் கூட்டுக் குழு போட்டார்கள். சரத் பவார் தலைமை தாங்கினார். 2004 பிப்ரவரியில் அந்தக் குழு, "ஆமாம், இருக்கிறது" என்று அறிக்கை கொடுத்தது. கோலாவுல இருந்தா கூட்டுக் குழு. கெண்டையில இருந்தா?

நம்ம பட்டுக்கே வருவோம். பட்டுப்புழு வளர்க்கிற விவசாயியைக் கேளுங்கள். மல்பெரிச் செடிக்கு மருந்து அடித்தால் நாள் எண்ணி, வீரியம் போன பிறகுதான் இலை பறிப்பார். முந்திப் பறித்தால் புழு சுருண்டு செத்துவிடும், முதல் போய்விடும். புழுவுக்குப் போடுற இலைக்கு நாள் பார்க்குறோம். பட்டு நெய்யிறவன் புள்ளைக்குப் போடுற மீனுக்கு நாளும் இல்லை, கணக்கும் இல்லை.

வெளிநாட்டுக்காரன் வயிறு ஒரு தராசு, காஞ்சிபுரத்துக்காரன் வயிறு ஒரு தராசா?

"அதான் தடை பண்ணியாச்சே!"

இந்தப் பதிலும் வரும். சரி, எப்படித் தடை பண்ணினார்கள் என்று பார்ப்போம்.

டி.டி.டி.யை விவசாயத்தில் 1989ல் தடுத்தார்கள். ஆனால் டி.டி.டி.யையே மூலப்பொருளாக வைத்துச் செய்யும் டைகோபால் என்ற சிலந்திக்கொல்லி கடையில் விற்றுக்கொண்டே இருந்தது. அதற்குத் தடை எப்போது? 2023ல். முன்வாசலைப் பூட்டிட்டுப் பின்வாசலை 34 வருஷம் திறந்து வச்சிருந்தாங்க.

2020 மே மாதம் 27 பூச்சிக்கொல்லிகளைத் தடை செய்யப் போவதாக ஒன்றிய அரசு வரைவு ஆணை வெளியிட்டது. மூன்று வருஷம் கழித்து இறுதி உத்தரவு வந்தபோது முழுத் தடை கிடைத்தது மூன்றுக்குத்தான்: டைகோபால், டினோகேப், மெத்தோமில். அதில் மோனோகுரோட்டோபாஸின் 36 சதவீதக் கரைசலுக்கும் முடிவு கட்டினார்கள். 2013 ஜூலை 16ல் பீகாரின் சரண் மாவட்டத்தில் மதிய உணவு சாப்பிட்ட 23 குழந்தைகளைக் கொன்ற விஷம் அது. 23 குழந்தைகள் செத்து, பத்து வருஷம் கழித்துத்தான் டெல்லி பேனாவை எடுத்தது.

மாநிலம் தடை செய்யலாமே என்பீர்கள். தமிழ்நாடு செய்து பார்த்தது. தற்கொலைகளைத் தடுக்க மோனோகுரோட்டோபாஸ், அசிபேட், குளோர்பைரிபாஸ் உள்ளிட்ட 6 மருந்துகளுக்குத் தடை போட்டது. எத்தனை நாளைக்கு? 60 நாளைக்கு! 1968ம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின் 27வது பிரிவு மாநிலத்துக்கு விட்டுவைத்தது தற்காலிகத் தடை அதிகாரம் மட்டும்தான். நம்ம ஏரி, நம்ம வயல், நம்ம மீன், நம்ம புள்ளை. முடிவு மட்டும் டெல்லியில். இதுக்குப் பேர் கூட்டாட்சியா?

"இப்ப வர்ற மருந்தெல்லாம் சீக்கிரம் மக்கிடும்" என்றும் சொல்வார்கள். பழைய டி.டி.டி. அளவுக்கு நிற்காது, உண்மைதான். ஆனால் சைபர்மெத்ரின் வகை மருந்துகள் மீனுக்குக் கொடிய நஞ்சு. மிகக் குறைந்த அளவே மீனைக் கொல்லப் போதும். ஏரியில் திடீரென்று மீன் செத்து மிதந்தால் "ஆக்சிஜன் குறைஞ்சு போச்சு" என்று எழுதி ஃபைலை மூடுவதற்கு முன்னால், மேலே எந்த வயலில் என்ன அடித்தார்கள் என்றும் பார்க்க வேண்டாமா?

விவசாயி மேல கை நீட்டாதே

இன்னொரு கூட்டம் இருக்கிறது. "எல்லாம் விவசாயி பேராசை" என்று ஏசி ரூமில் உட்கார்ந்து சொல்லும் கூட்டம். டப்பாவில் சிவப்பு முக்கோணம் இருந்தால் அதிக நஞ்சு என்று விவசாயிக்குச் சொல்லித் தந்தது யார்? பல ஊர்களில் எதை, எவ்வளவு அடிக்கணும்னு சொல்றதே மருந்துக் கடைக்காரர்தான். வேளாண் அலுவலர் எத்தனை ஊரைப் பார்ப்பார்? முதலில் மூச்சில் விஷத்தை இழுப்பவன் ஸ்பிரேயர் தோளில் மாட்டிய கூலிக்காரன். அவன்தான் முதல் பலி. அவனைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தாதீர்கள். மீன் பிடிக்கிறவரையும் நிறுத்தாதீர்கள்.

கணக்கு எடுக்காவிட்டால் என்ன ஆகும்? காசர்கோட்டைக் கேளுங்கள். கேரளத்தின் அந்த மாவட்டத்தில் அரசுத் தோட்டக் கழகத்தின் முந்திரித் தோட்டங்கள் மேல் 2000ம் ஆண்டு வரை சுமார் கால் நூற்றாண்டு ஹெலிகாப்டரில் எண்டோசல்பான் தெளித்தார்கள். கீழே ஓடையும் கிணறும் குளமும் இருந்தன, வீடுகள் இருந்தன. ஊனமாகப் பிறந்த குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு தாய்மார்கள் தெருவுக்கு வந்த பிறகுதான் நாடு திரும்பிப் பார்த்தது. 2011 ஏப்ரலில் முதலமைச்சர் அச்சுதானந்தனே உண்ணாவிரதம் இருந்தார். இந்திய ஜனநாயக வாலிபர் சங்கம் உச்ச நீதிமன்றம் போனது. தடை வந்தது. 2017 ஜனவரியில் பாதிக்கப்பட்ட ஒவ்வொருவருக்கும் 5 லட்சம் ரூபாய் கொடு என்று நீதிமன்றம் உத்தரவிட்டது. ஒரு வாழ்க்கைக்கு 5 லட்சம். அதுவும் போராடி வாங்க வேண்டியிருந்தது.

அமெரிக்காவின் மிச்சிகன் ஏரியில் என்ன நடந்தது? 1969ல் அந்த ஏரிச் சால்மன் மீனில் டி.டி.டி. அதிகம் என்று கண்டுபிடித்து, சரக்கையே பறிமுதல் செய்தார்கள். அதே ஆண்டு மிச்சிகன் மாநிலம் டி.டி.டி. விற்பனையைத் தடுத்தது. இன்றைக்கும் அங்கே எந்த நீர்நிலையில், எந்த மீனை, மாதம் எத்தனை முறை சாப்பிடலாம் என்று பட்டியல் போடுகிறார்கள். மீனைச் சோதித்ததால் வந்த தடை அது. பிணத்தை எண்ணி வந்த தடை இல்லை. வித்தியாசம் புரியுதா?

உத்திரமேரூர் கல்லு பேசுது

நம்ம மாவட்டத்திலேயே இதுக்குப் பதில் இருக்கு. உத்திரமேரூர் கோயில் சுவரில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 1,100 ஆண்டுகளுக்கு முன்னால் வெட்டிய கல்வெட்டு. குடவோலை முறையைச் சொல்லும் கல்வெட்டு என்று ஸ்கூலில் படித்திருப்போம். அதில் 'ஏரி வாரியம்' என்றே ஒரு குழு உண்டு. ஏரியைக் கவனிக்க மட்டும் ஒரு குழு! வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவனும் அவன் உறவுக்காரனும் மறுபடி தேர்தலுக்கு நிற்கவே கூடாது என்று அதில் வெட்டியிருக்கிறது.

அது எல்லாருக்கும் இடம் தராத சபை. ஒரு சாதிக்கு மட்டுமான சபை. அதை மறைத்துப் பெருமை பேச மாட்டோம். ஆனால் 'கணக்குக் காட்டாதவனுக்கு நாற்காலி இல்லை' என்ற அந்த ஒரு விதி மட்டும் எல்லாருக்குமான இந்த ஜனநாயகத்தில் காணாமல் போனது எப்படி?

நாம் கேட்பது என்ன?

1. காஞ்சிபுரம் மாவட்டத்தில் மீன் பாசி குத்தகைக்கு விடும் ஒவ்வோர் ஏரியிலும் ஆண்டுக்கு இரண்டு முறை மீனையும் அடி வண்டலையும் சோதிக்க வேண்டும். ஒருமுறை சம்பா அறுவடைக்குப் பின், ஒருமுறை கோடையில் தண்ணீர் வற்றும்போது. அடிமீனான கெளுத்தியும் மீன் தின்னும் விராலும் கட்டாயம் இருக்க வேண்டும்.

2. முடிவை ஏரி பெயர் போட்டு, மீன் பெயர் போட்டு, தமிழில், கரையில் பலகையாக வைக்க வேண்டும். மாநில சராசரி, தேசிய சதவீதம் எல்லாம் வேண்டாம். என் ஏரிக்கு என் கணக்கு.

3. ஆய்வகம் இல்லை என்று சொல்லக் கூடாது. கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் பூச்சிக்கொல்லி எச்சம் அளக்கும் ஆய்வகம் இருக்கிறது. நாகப்பட்டினத்தில் மீன்வளப் பல்கலைக்கழகமே இருக்கிறது. பணத்தை ஒதுக்கு, வேலையைக் கொடு.

4. மத்திய வாரியத்தின் 'டி' வகை அளவுகோலில் பூச்சிக்கொல்லி எச்சத்தைச் சேர்க்க வேண்டும்.

5. 60 நாள் வேலி உடைய வேண்டும். தன் மண்ணுக்குக் கேடான மருந்தை நிரந்தரமாகத் தடை செய்யும் அதிகாரம் மாநிலத்துக்கு வேண்டும்.

6. ஓர் ஏரி மீன் சாப்பிடத் தகாது என்று முடிவு வந்தால் குத்தகைக்காரருக்கும் மீனவருக்கும் அந்தப் பருவத்து இழப்பீட்டை அரசு தர வேண்டும். உண்மையைச் சொன்னதற்காக ஏழை பட்டினி கிடக்கக் கூடாது.

தோழர்களே, லைக் போட்டுவிட்டு நகராதீர்கள். மார்ச் 22 உலகத் தண்ணீர் தினத்தன்று கிராம சபை கூடும். "எங்க ஏரி மீனையும் வண்டலையும் சோதிச்சு, முடிவைக் கரையில எழுதி வைக்கணும்" என்று ஒரே ஒரு தீர்மானம் கொண்டு வாருங்கள். பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள். எழுதியதைப் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள். நகலை மீன்வளத் துறைக்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் கலெக்டருக்கும் அனுப்புங்கள்.

அதுவரைக்கும் ஏரி மீனை ஒதுக்காதீர்கள்; அது ஏழை வீட்டுப் புரதம். மீனை ஆயும்போது குடலையும் வயிற்றுக் கொழுப்பையும் எடுத்துவிடுங்கள். இந்த வகை விஷம் சேருவது அங்கேதான். குழம்பில் கொதித்தாலும் அது குழம்பிலேயேதான் இருக்கும்.

தறியில் ஒரு இழை அறுந்தால் நெசவாளி விரல் பட்டதுமே கண்டுபிடித்து முடிச்சுப் போடுவார். அந்த நெசவாளியின் சோற்றுத் தட்டுக்கு வரும் மீனில் என்ன இருக்கிறது என்று கண்டுபிடிக்க ஓர் அரசுக்கு எத்தனை வருஷம் வேண்டும்?

ஏரி நம்முடையது. மீன் நம்முடையது. கணக்கும் நமக்கு வேண்டும்!

உங்க ஊர் ஏரி பெயரைக் கமெண்டில் போடுங்கள். பகிருங்கள்.

#மீனைச்சோதி
#ஏரிக்கணக்குஎங்கே
#காஞ்சிஏரிகள்